முத்தும் குறையும்: மன்னார்க் கடற்கரைச் சொற்கள் சிலவற்றின் வரலாறு

மன்னார்த் தீவிலே, தலைமன்னார் செல்லும் பெருவழியில் அமைந்த தோட்டவெளி என்னும் ஊர், 1544ஆம் ஆண்டில் உயிர் நீத்த வேதசாட்சிகளின் நினைவிடமாகப் பலராலும் அறியப்பட்டது. அத்தீவுக்குத் தெற்கே கிடக்கும் வளைகுடா வேறொரு காரணத்தால் உலகப் புகழ் பெற்றிருந்தது. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்னும் கரையூர்களுக்கு எதிரே கடலடியிற் பரந்துள்ள பார்களிலே முத்துச்சிப்பி விளைந்தது. பாண்டியரும் யாழ்ப்பாணத்து அரசரும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக அதன்மேற் கண் வைத்தனர். இவ்வரசியற் கதையை எழுதினோர் பலர். அக் கரையிலே முத்தைத் தரம் பிரித்தோர் வழங்கிய சொற்களின் கதையோ அதிகம் எழுதப்படவில்லை. அச்சொற்களுள் நிறைவைக் குறிப்பது ஒன்றே. ஏனையவற்றுட் பெரும்பாலன குறையைக் குறிப்பன. எதிர்பார்த்த அளவுக்கு வாராத பொருளை எவ்வாறு பெயரிட்டு அழைப்பது என்னும் வினா, அக்கரையில் இலக்கணப் புலவரின் வினாவாக இருக்கவில்லை. ஒருவன் செல்வனாவதும் கடனாளியாவதும் அவ்வினாவின் விடையைப் பொறுத்திருந்தன.

முத்துக்குளிப்பின் வாணிக முறையை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். குளிகாரர் எடுத்த சிப்பி கரைக்கு வந்ததும் திறக்கப்படுவதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியின் பிற்பகுதியில், மூன்றில் ஒரு பங்கு குளிகாரருக்கும் மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கும் எனப் பிரிக்கப்பட்டு, அரசாங்கத்தின் பங்கு மாலையிலே ஏலத்தில் ஆயிரம் ஆயிரமாக விற்கப்பட்டது. வாங்கியவன் சிப்பியின் உள்ளே யாது உளது என்பதை அறியான். அவன் கையில் இருந்தது ஒரு மதிப்பீடு மட்டுமே. குளிப்புக்கு முன்னரே பார்களைப் பார்வையிட்ட அலுவலர், மாதிரிக்காகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றின் முத்துக்களை வணிகர் துணையோடு விலைமதித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என வெளியிடுவர். அம் மதிப்பை நம்பிக் கீழக்கரையிலிருந்தும் நாட்டுக்கோட்டையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வணிகர் வந்து கூடினர். வாங்கிய சிப்பியை ஒரு வாரத்துக்கு மேல் அழுகவிட்டு, புழு தின்றது போக எஞ்சியதைக் கழுவிப் பார்க்கும் வரையில் அவர்க்கு உறக்கம் ஏது? அழுகல் நாற்றம் பல கட்டைக்கு வீசிற்று என்று அக்காலத்து வழிப்போக்கர் அனைவரும் முறையிடுவர். வணிகருக்கோ அதுவே பணத்தின் மணம்.

கழுவி எடுத்த முத்தை முதலில் அளவாற் பிரித்தனர். அதற்குப் பித்தளைச் சல்லடைகள் பத்து இருந்தன. அவற்றைப் பெட்டி என்று அழைத்தனர். முதற் பெட்டியில் 20 துளைகள். அடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800 எனப் பெருகி, பத்தாவதில் 1000 துளைகள். துளைகளின் தொகை பெருகப் பெருகத் துளை சிறுக்கும், முத்தும் சிறுக்கும். அரித்தல் என்னும் வினைக்குச் சலித்தெடுத்தல் என்பதும் ஒரு பொருளாதலின், அரிப்பு என்னும் ஊர்ப்பெயருக்கும் இத் தொழிலுக்கும் தொடர்பு கற்பிக்க மனம் விழைகின்றது. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் இத்தகைய விழைவுகளைச் சற்று அடக்கிக்கொள்வதே நன்று.

அளவாற் பிரித்தபின் தரத்தாற் பிரிப்பர். இங்கேதான் சொற்கள் வருகின்றன. கொழும்புத் துறைமுகத் தலைவராகவும் முத்துப்பார்களின் மேற்பார்வையாளராகவும் பணிபுரிந்த ஜேம்ஸ் ஸ்டூவார்ட் என்பார், 1843ஆம் ஆண்டிலே கோட்டேயில் இருந்த சேர்ச் மிசன் அச்சகத்தில் தாம் பதிப்பித்த நூலில் அவற்றை ஆங்கில எழுத்திற் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பொருளும் எழுதினார். பின்னர் 1908இல் அமெரிக்க நாட்டில் வெளிவந்த பெரிய முத்து நூலிலும் அவ்வரிசை இடம்பெற்றது. ஆணி, அணதாரி, மசங்கு, கலிப்பு, குறவல், பீசல், வடிவு, மடங்கு, குறள், தூள் என அது செல்லும். 1797ஆம் ஆண்டுக் குளிப்பை நேரிற் கண்டு எழுதிய லெபெக் என்பார் தரும் பட்டியல் சிறிது வேறுபடும். எனினும் ஆணியில் தொடங்கித் தூளில் முடியும் நெறி அங்கும் உண்டு.

ஆணி என்பது வடிவிலும் ஒளியிலும் குறைவற்றது. பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கும் ஆணியும், ஆணிப்பொன் என்னும் வழக்கும் தமிழர்க்குப் புதியன அல்ல. அளவுகோலாக நிற்பதே ஆணி. அதற்கு அடுத்த அணதாரி, ஆணியைப் பின்தொடர்வது. உருட்சியிலேனும் ஒளியிலேனும் சிறிது தாழ்ந்தது. மூன்றாவதாகிய மசங்கு, இரண்டிலும் தாழ்ந்தது, ஒளியிற் சிறப்பாகத் தாழ்ந்தது. இதனை ஸ்டூவார்ட் ‘இம்பெர்பெக்ட்’ என்னும் ஒரு சொல்லால் முதலிற் குறித்து, பின்னரே விளக்கம் சேர்த்தார். அவ்வாங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் ‘முற்றச் செய்யப்படாதது’ என்பதாகும். தமிழிலோ மசங்குதல் என்பது ஒளி மழுங்குதல். மசங்கல் என்பது அந்திப்பொழுது. சூரியன் மறைந்த பின்னும் இருள் முற்றாத அந்த நேரத்து வெளிச்சத்தை முத்தின் மேனியிற் கண்டவர் இட்ட பெயர் அது என்று கொள்ளலாம். ஒரு சொல் என்ன குறை என்பதைக் காட்டுகின்றது. மற்றது குறை உண்டு என்று மட்டும் சொல்லி நிற்கின்றது.

கலிப்பு இன்னும் தாழ்ந்தது. ஆங்கில எழுத்து லகரத்தையும் ழகரத்தையும் வேறுபடுத்திக் காட்டாது. ஆதலின் இச்சொல் கழிப்பு என்பதாகவும் இருத்தல் கூடும். கழித்து ஒதுக்கியது என்னும் பொருள் அதற்கு நன்கு பொருந்தும். குறவல் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்த இரட்டை முத்து. பீசல் உருத் திரிந்தது. மடங்கு என்பது மடிந்து வளைந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. குறள் மிகச் சிறியதும் உருவற்றதும் ஆகும். தூள் பெயருக்கேற்பத் துகள்.

இவ்வரிசையிலே வடிவு என்னும் சொல் நிற்பது வியப்புத் தருவது. குறைகளின் நடுவே அழகு எவ்வாறு வந்தது? அளவிற் சிறியதாயினும் அழகு குன்றாத முத்தே வடிவு எனப்பட்டது. யாழ்ப்பாணத்தாரும் மன்னாரினரும் அழகு என்பதற்கு வடிவு என்றே இன்றும் கூறுவர். அளவில் ஏமாற்றியது அழகில் ஈடுசெய்தது என்பதை ஒரே சொல்லால் உணர்த்திய அம் முத்து வணிகரின் நுண்மை போற்றத்தக்கது. ஸ்டூவார்ட் இதனைச் சரியாகவே விளங்கிக்கொண்டு எழுதினார் என்பதையும் கூறுதல் வேண்டும். அவர் பொருள் எழுதிய முறையிலே ஒரு குறிப்பு மட்டும் நோக்கத்தக்கது. முதற்றரத்துக்கு அடுத்த தரங்களை அவர் விளக்கும்போது ‘பெயிலிங்’ என்னும் ஆங்கிலச் சொல்லே திரும்பத் திரும்ப வருகின்றது. இதில் தவறியது, அதில் தவறியது, இரண்டிலும் இன்னும் தவறியது என அவ்விளக்கம் இறங்கிச் செல்கின்றது. தமிழ்ப் பெயரோ தரத்துக்குத் தரம் வேறுபட்டு நிற்கின்றது.

விலை கணிக்கும்போது இவ்வேறுபாடு பணமாயிற்று. முத்தைக் கழஞ்சு, மஞ்சாடி என்னும் நிறைகளால் நிறுத்தனர். உயர்ந்த தரத்து முத்துக்கு நிறையைத் தன்னாலே பெருக்கி வரும் தொகையை அடியாகக் கொண்டு செவ்வு என்னும் அலகால் விலையிட்டனர். எடை இரு மடங்கானால் விலை நான்கு மடங்காகும். தாழ்ந்த தரங்களுக்கு அக்கணக்கு இல்லை. நிறைக்கு இவ்வளவு என்று நேராக விலை. ஆகவே ஒரு முத்து அணதாரியா மசங்கா என்று தரகன் சொல்லும் ஒரு சொல்லிலே பெருந்தொகை ஏறும் அல்லது இறங்கும். அவ்வாறாயினும் விலையற்றதென எறியப்பட்டது ஒன்றும் இல்லை. தூளும் மருந்துக்கும், செல்வர் வெற்றிலையோடு உண்ணும் சுண்ணத்துக்கும் சென்றது.

இந்த நுட்பம் ஆங்கிலேயர் காலத்திற் புதிதாகத் தோன்றியதன்று. தஞ்சைப் பெருங்கோயிலிலே முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்கள் இறைவனுக்கு அளித்த அணிகலன்களை ஒவ்வொன்றாக எண்ணுகின்றன. அங்கே வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று முத்தின் வகைகளும், குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியின் வகைகளும் வருகின்றன. அனுவட்டம் என்பது முழு வட்டத்துக்கு ஒருபடி தாழ்ந்தது. வைரங்களிலே பொறியும் முறிவும் செம்புள்ளியும் கரும்புள்ளியும் வெந்த தழும்பும் உடையன எவை என்றும் பிரித்துக் குறித்துள்ளனர். இறைவனுக்குக் கொடுத்த பொருளிலும் குறையை மறையாது கல்லில் வெட்டியமை சிந்திக்கத்தக்கது. கணக்குக்கு அது வேண்டியதாயிற்று. பின்வரும் அதிகாரி கல்லை மாற்றிவிடாதிருக்கக் குறையே அடையாளமாயிற்று. குறையற்ற இரு மணிகளை வேறுபடுத்தி அறிதல் அரிது. குறையுள்ள மணிக்குத் தனிமுகம் உண்டு.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், மதுரை மாநகரின் மணிக்கடைத் தெருவைக் கோவலன் காணும் இடத்தில், காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் உண்டாகும் குற்றங்கள் நீங்கிய மணிகள் கூறப்படுகின்றன. குற்றத்தை அது தோன்றிய காரணத்தாற் பெயரிடும் முறை இது. தஞ்சைக் கல்வெட்டு தோற்றத்தாற் பெயரிட்டது. மன்னார்க் கரை இரண்டையும் கலந்து, விலையை நோக்கிப் பெயரிட்டது.

இனி மேலைநாட்டுச் சொற்களை நோக்குவோம். போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழக்கும்வரை அங்குக் கோட்டை கட்டி வாழ்ந்தனர். உருட்சியற்ற, கோணலான முத்தை அவர்கள் ‘பர்ரோக்கோ’ என்றனர். கோவாவில் வாழ்ந்த மருத்துவராகிய கார்சியா த ஓர்த்தா, 1563இல் அங்கே அச்சிடப்பட்ட தமது நூலில் உருவமைதியற்ற முத்துக்களைப் பற்றிக் கூறுமிடத்து இச்சொல்லை வழங்கியுள்ளார். அது பிரெஞ்சு மொழி வழியே ஆங்கிலத்துட் புகுந்து ‘பரோக்’ ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே, அளவு மீறிய வளைவும் அலங்காரமும் உடைய கட்டடங்களையும் இசையையும் இகழ்வதற்கு அச்சொல் பயன்பட்டது. கோணல் முத்துப்போல நெறி தவறியது என்பது கருத்து. பழைய தருக்க நூலிலே ஒரு வாதமுறைக்கு வழங்கிய பெயரிலிருந்து வந்தது எனக் கூறுவாரும் உளர். இரண்டும் கலந்திருத்தலும் இயலும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வொல்ஃப்லின் முதலிய கலைவரலாற்று ஆசிரியர்கள் இகழ்ச்சியை நீக்கி, ஒரு காலத்துக் கலையின் பெயராக அதனை நிலைநாட்டினர். இன்று ஐரோப்பாவின் பெருந் தேவாலயங்களைப் ‘பரோக்’ என்று புகழ்வோர், முத்துத் தரகன் பீசல் என ஒதுக்கியதன் பெயரைச் சொல்லியே புகழ்கின்றனர்.

ஆங்கிலத்தில் இத்தகைய இழிவுச் சொற்கள் பல தொழிற்களத்திற் பிறந்தவையே. ‘ஷொடி’ என்பது யோக்ஷயர் நெசவாளர், கந்தலைப் பிரித்து மீண்டும் நூற்ற கம்பளிக்கு இட்ட பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் அத்தகைய துணியாற் செய்த சீருடைகள் கிழிந்து போனபின் எத்தகைய போலிப்பொருளுக்கும் அது வசைச்சொல்லாயிற்று. தமிழிலும் வயல் தந்த பதர், சண்டு, சாவி என்பனவும், தோட்டம் தந்த சொத்தையும் மனிதர்மேல் ஏறியமை அனைவரும் அறிந்ததே. ஆயினும் ‘பெயில்’ என்னும் சொல்லின் பயணம் வேறு. இலத்தீன் மொழியில் ஏமாற்றுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிரெஞ்சு வழியே வந்தது அது. தொழிற்களம் எதனையும் சாராமையால் எல்லாக் களத்திலும் புகுந்தது. பரீட்சையின் வழியே தமிழ் வீடுகளுக்குள்ளும் புகுந்து, எழுத்தறியாத பாட்டியும் வழங்கும் சொல்லாயிற்று. சித்திக்குத் திறமைச் சித்தி, சாதாரண சித்தி எனத் தரம் உண்டு. ‘பெயில்’ ஒன்றே ஒன்று. முத்துத் தரகன் கண்டால் நகைப்பான்.

மன்னார்க் கரையிலே இச்சொல் அரசாங்க அறிக்கைகளின் வழியே வந்தது. அங்கே அது முத்தை விட்டு முத்துக்குளிப்பையே குறித்தது. சிப்பி கிடையாத ஆண்டை ஆங்கில அலுவலர் ‘பெயிலியர்’ என எழுதினர். அத்தகைய ஆண்டுகள் மிகப் பல. 1732 முதல் 1746 வரையும், 1768 முதல் 1796 வரையும் ஒல்லாந்தர் காலத்திற் குளிப்பு இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் 1838 முதல் 1854 வரையும், பின்னர் 1864 தொடக்கம் பத்தாண்டளவும், 1892 முதல் 1902 வரையும் பார்கள் வறிதே கிடந்தன. ஒரே பெயரிட்ட இவ்விடைவெளிகளின் காரணங்கள் ஒன்றல்ல. 1768இற்குப் பிந்திய நீண்ட இடைவெளியிலே ஒல்லாந்தருக்கும் ஆர்க்காட்டு நவாப்புக்கும் இருந்த உரிமைப் பூசலுக்குப் பங்குண்டு. அதனைக் கடலின் தவறு என்றல் தகாது. 1796, 1797, 1798 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஆங்கிலேயர் இடையறாது குளிப்பித்துப் பெருவருவாய் பெற்றனர். 1799இல் வருவாய் சரிந்தது. அச்செல்வத்தின் நினைவிலேயே தேசாதிபதி பிறெடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரை அரிப்புக் கரையிலே ‘டொறிக்’ எனப்பட்ட மாளிகையைக் கட்டுவித்தார். கரையைக் கடல் அரித்து வர, அம்மாளிகை இடிந்து சிறிது சிறிதாகச் சரிந்தது. அரிப்பு என்னும் சொல்லின் மற்றப் பொருள் அங்கே கண்கூடு.

காரணத்தைத் தேட முயன்றோரும் இருந்தனர். 1857இல் இவ்வாராய்ச்சிக்கென அமர்த்தப்பட்ட கெலாட் என்னும் மருத்துவர், சிப்பி தன்னைப் பிணித்திருக்கும் நாரை விட்டு இடம் பெயர வல்லது எனக் கண்டார். 1860இல் அவர் இறந்தமையால் ஆராய்ச்சி தடைப்பட்டது. 1902இல் பேராசிரியர் ஹேட்மன் என்பார் ஜேம்ஸ் ஹோணல் என்பாரோடு வந்தார். பெரியபார் எனப்படும் பாரிலே மார்ச்சு மாதத்தில் இளஞ்சிப்பி எண்ணிறந்து கிடக்கக் கண்டனர். நவம்பரில் மீண்டும் பார்த்தபோது அது இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டம் அப்பாரைத் துடைத்துச் சென்றிருந்தது. வேறு பார்களிலே மணல் மூடியும், திருக்கை முதலிய மீன்கள் தின்றும், நத்தை துளைத்தும் சிப்பி அழிவதையும் அவர்கள் குறித்தனர். காற்று, மண், கல், நீர் எனக் குற்றத்தைக் காரணத்தாற் பகுத்த பழைய நெறி, வேறொரு வழியாக மீண்டும் வந்தமையை இங்கே காணலாம். பெரியபாரின் இளஞ்சிப்பியை வேறு நல்ல பார்களுக்கு மாற்றி வளர்த்தல் வேண்டும் என்று ஹேட்மன் அறிவுரை கூறினார். அவர் அறிக்கையை றோயல் சொசையிற்றி 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது.

இடையிலே கடல் வாரி வழங்கிற்று. 1903, 1904ஆம் ஆண்டுகளில் ஆண்டுக்கு நான்கு கோடிக்கு மேற்பட்ட சிப்பியும், 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பியும் எடுக்கப்பட்டன. அவ்வோர் ஆண்டில் மட்டும் அரசாங்கத்தின் வருவாய் 25 லட்ச ரூபாவைக் கடந்தது. மரிச்சுக்கட்டிக் காட்டிலே சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழுந்தது. இதனைக் கண்டு இலண்டனில் ஒரு கம்பனி தோன்றி, ஆண்டுக்கு 3,10,000 ரூபா குத்தகையாக இருபது ஆண்டுகளுக்கு 1906இல் பார்களை எடுத்தது. 1906இலும் 1907இலும் குளிப்பு நடந்தது. 1908இல் எடுப்பதற்குச் சிப்பி இல்லை. குத்தகைப் பணமோ ஆண்டுதோறும் இறுக்க வேண்டியதாயிற்று. கம்பனி சில ஆண்டுகளிற் கலைந்தது. ஏமாற்றுதல் என்னும் தன் பழம்பொருளை ‘பெயிலியர்’ என்னும் சொல் மீண்டும் பெற்றது எனலாம்; எனினும் ஏமாற்றியது கடல் என்பதற்கில்லை. நூறாண்டுக்கு மேலான அரசாங்கக் கணக்கிலேயே வறிய ஆண்டுகள் வளமான ஆண்டுகளைவிட மிகுதி. அதனைப் படித்தவர், மூன்று வளமான ஆண்டுகளை வைத்து இருபதாண்டுக் கணக்குப் போட்டிருக்கமாட்டார். திறவாத சிப்பியை ஏலத்தில் எடுக்கும் கீழக்கரை வணிகன் ஒரு மாலைப்பொழுதில் ஏற்ற இடரை, இக்கம்பனி இருபது ஆண்டுக்கு ஏற்றது. அவ்வணிகனிடம் பத்துச் சல்லடையும் பத்துப் பெயரும் இருந்தன. கம்பனியின் கணக்கில் இலாபம், நட்டம் என்னும் இரண்டே இருந்தன.

1925இல் மரிச்சுக்கட்டிக் கடலிலே மீண்டும் ஒரு பெருங்குளிப்பு நடைபெற்றது. அதற்குள் யப்பானிய வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்துவிட்டது; உருட்சியில் ஆணிக்கு ஒப்பான முத்துக்களை வேண்டியவாறு விளைவிக்க முடிந்ததனால், ஆணியின் விலையே முதலில் வீழ்ந்தது. 1958இல் இலங்கைக் கரையில் மற்றுமொரு குளிப்பு நடந்தது. தரகரின் பெட்டிகளும் செவ்வுக் கணக்கும் அதன்பின் பயன்பாட்டில் இல்லை. அவற்றோடு அணதாரியும் மசங்கும் பீசலும் கரையூர் வழக்கிலிருந்து மறைந்து, ஸ்டூவார்ட் எழுதிய ஆங்கில எழுத்துக்களிலேயே எஞ்சின. வடிவு ஒன்று மட்டும், முத்தை மறந்த வாய்களிலும் நாள்தோறும் வழங்குகின்றது.